கால்சியம் இல்லாத தட்டு

இரண்டாயிரத்தைத் தாண்டிய ஆண்டுகளில் நான் கல்கத்தாவில் ஒரு செய்தித்தாளின் துணையாசிரியர். என் மனைவி ஜாதவ்பூரில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். ரத்தத்தை உருவாக்கும் மஜ்ஜைச் செல்கள் எலும்பின் ஓரமாகவே ஏன் குடியிருக்கின்றன என்பது அவளுடைய கேள்வி. எலும்பிலிருந்து கசியும் கால்சியத்தை அச்செல்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம் உணர்கிறது; உணர்ந்த செல் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. இதைச் சோதிக்க இரண்டு தட்டுகள். கால்சியம் உள்ள தட்டில் செல்கள் ஒட்ட வேண்டும். கால்சியம் இல்லாததில், கழுவினால் போய்விட வேண்டும்.

சரஸ்வதி பூஜையன்று அந்த ஆய்வகத்தில் யாரும் படிக்கக் கூடாது, கருவியைத் தொடக் கூடாது. ஆகவே ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டும் எல்லோரும் வந்துவிடுவார்கள். நுண்ணோக்கிகளுக்குச் சாமந்தி மாலை. தரையில் அரிசி மாவைக் கரைத்து, வங்காளத்துக் கோலமான ஆல்பனா போடுவது வழக்கம். அந்த வருடம் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்குத் தேசிய ஒருமைப்பாட்டு உணர்வு பொங்கியது.

"அரே, நம்ம மெட்ராஸ் பொண்ணு இருக்கும்போது ஆல்பனா எதுக்கு? உங்க ஊர்க் கோலம் போடு!"

கோலமாவு வாங்கிக் கொடுத்தவன் நான். லேக் மார்க்கெட் தமிழ்க் கடைக்காரர், "அரிசி மாவுல எறும்பு வரும் சார். இது கல்லு மாவு, பளிச்சுனு விழும்" என்றார். விழுந்தது. துறையே கைதட்டியது. மின்விசிறியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் கால்சியம் இல்லாத தட்டிலும் செல்கள் ஒட்டின. மூன்று முறை செய்தும் ஒட்டின.

மனைவி பயந்தாள். பேராசிரியர் மகிழ்ந்தார். ஒரு கோப்பைத் தேநீர் முடிவதற்குள், கால்சியமே தேவையில்லை, செல்லுக்கு எலும்பின் நினைவு இருக்கிறது என்றொரு கோட்பாடு தயாராகிவிட்டது. என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வங்காளிகளுக்கு எந்த ஆணும் 'தாதா', அதாவது அண்ணன்.

"உங்க பேப்பர்ல முதல் பக்கம் கிடைக்குமா, தாதா?"

"வேற லேப்ல யாராவது செஞ்சு பார்த்தாங்களா, சார்?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல வெளிநாட்டுக்காரன் பதறட்டும்!"

இரண்டு நாள் கழித்து அவள் அலமாரியைத் துடைத்தாள். பூஜையன்று குடுவைகளைத் திறந்த வாயோடு காய வைத்திருந்த இடம் அது. மெல்லிய வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டாள். நுரைத்தது. நேராக வீட்டுக்கு வந்தாள்.

"நீங்க வாங்கின கல்லு மாவு சுண்ணாம்புக் கல்லுங்க. கால்சியம்."

"குடுவையைக் கழுவலையா?"

"ஏற்கெனவே கழுவிக் காய வச்சதுதானே, யாரு மறுபடி கழுவுவா? அதுலதான் கரைசல் கலந்தேன்."

"அவர்கிட்ட சொன்னா?"

"ஒரு வருஷம் போச்சு. அவர் கோபம் தனி."

"சொல்லலைன்னா?"

"டாக்டர் பட்டம் கிடைக்கும். கோலத்துக்கு."

மறுநாளே சொல்லிவிட்டாள். பேராசிரியர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினாராம். பிறகு, "இது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்.

"கரைசலை கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டுக்கு அனுப்பிட்டேன், சார்."

அதன்பின் அவருக்கு நேர்மையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 'தென்னிந்தியத் தூசியால் நேர்ந்த பிழை' என்று குறிப்பேட்டில் எழுதினார்.

புதுக் குடுவைகளோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். பல மாதங்கள் கழித்து ஒரு மதியம் என் அலுவலகத்துக்கு ஃபோன் வந்தது.

"தட்டு காலிங்க. கழுவினதும் எல்லாம் போயிடுச்சு!"

என் குரலைக் கேட்டுப் பக்கத்து மேசைக்காரர் நல்ல செய்தியா என்று விசாரித்தார். கால்சியம் இல்லாத இடத்தில் செல்கள் ஒட்டவில்லை என்றேன்.

"இது செய்தியா, தாதா?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி கிரிக்கெட் பக்கத்துக்குக் குனிந்தார்.

பட்டம் ஓராண்டு தாமதமாக வந்தது. வழிகாட்டியின் மதிப்பீட்டில் ஒரே வரி: 'முடிவுகள் சரியானவை, எதிர்பார்த்த அளவு பரபரப்பு இல்லை.'