லக்ஸம்பேர்க் ரயிலும் ஒரு வசனமும்

ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த அந்த மே மாதத்தில், நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நின்று, லக்ஸம்பேர்க்கின் ரயில்களைப் பற்றி உரத்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பேச்சுப் போட்டியில் எனக்கு விழுந்த தலைப்பு, ‘பழைய ரயில்பாதைகளைக் காப்போம்’. இரும்புத்தாது சுமந்து ஓய்ந்த ஒரு பாதையை அந்தச் சிறிய நாட்டின் தொண்டர்கள் மீட்டெடுத்து, கோடைக்கால ஞாயிறுகளில் அதில் நீராவி வண்டி ஓட்டுகிறார்கள் என்று படித்திருந்தேன். அதன்மேல் உரையைக் கட்டினேன். உச்சத்துக்கு ஒரு வசனம் வைத்திருந்தேன்: “தன் தண்டவாளத்தைத் தானே பிடுங்கும் இனம், தன் வரலாற்றைத் தானே பிடுங்குகிறது.” அதன்பின் கைதட்டலுக்காக மனத்துக்குள் நான்கு எண்ணுவேன்.

அப்பா தொலைபேசியை மடியில் வைத்தபடி சோபாவில் இருந்தார். வன்னியில் அகப்பட்டிருந்த அவருடைய தங்கை, என் மாமி, பேசி மூன்று வாரமாகியிருந்தது.

“உந்த வசனத்தை விடு, பிள்ளை.”

“ஏனப்பா? உதுக்குத்தான் கைதட்டு விழும்.”

“கிளிநொச்சியில தண்டவாளத்தையும் அதுக்குக் கீழ கிடந்த சிலிப்பர்க் கட்டையையும் நாங்கள்தான் கிளப்பினது. பங்கர்க் குழிக்கு மேல போட. நானும் உன்ர மாமியும் ஒரு கட்டையைத் தோளில காவினனாங்கள். ஷெல் விழேக்க அதுக்குக் கீழதான் கிடந்தனாங்கள்.”

“நான் லக்ஸம்பேர்க்கைப் பற்றித்தானே சொல்லுறன்.”

“கேக்கிறவை லக்ஸம்பேர்க் ஆக்களே?”

அதை விட்டால் உரையே சரிந்துவிடும் என்று வாதிட்டேன். வாதத்தில் அவர் என்னை வென்றதில்லை.

சனிக்கிழமை மண்டபம் பாதிதான் நிறைந்திருந்தது. மற்றவர்கள் போரை நிறுத்தக் கோரும் ஆர்ப்பாட்டத்துக்குப் போயிருந்தார்கள். வந்தவர்களும் கைபேசியைக் கையிலிருந்து விடவில்லை. என் குரல் பிசகவில்லை. வசனத்தைச் சொன்னேன். நிறுத்தினேன். நான்கும் எண்ணி முடித்தேன். ஒருவரும் தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு அன்ரி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கோபமே இல்லாமல் சொன்னது மேடைவரை கேட்டது:

“சின்னப்பிள்ளை. உதுக்கென்ன தெரியும்.”

நீராவி வண்டியைப் பற்றிய மீதியை அந்த அமைதிக்குள் ஒப்பித்துவிட்டு இறங்கினேன்.

திரும்பி வரும் பேருந்தில் அப்பா என்னைக் குறைகூறவில்லை. “தண்ணி குடிச்சனியே?” என்று மட்டும் கேட்டார். நான் மேடையிலிருந்த நேரத்தில் மாமியின் அழைப்பு வந்ததா என்று கேட்க விரும்பினேன். எத்தனையோ சபைகளில் தயங்காத வாய்க்கு அந்தச் சிறு கேள்வி வரவில்லை. கேட்கும் தகுதியை மண்டபத்திலேயே இழந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

இரண்டு நிறுத்தங்கள் கடந்தபின், ஜன்னலைப் பார்த்தபடி அவரே சொன்னார்:

“அவள் இன்னும் கதைக்கேல்லை.”