கடைசியாக வரச் சொன்னார்கள்

எனக்கு வயது அறுபத்து நான்கு. பெற்றது ஐந்து, செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஏழு பேருக்கும் எழுத்துத் தெரியும். எனக்குத்தான் அறுபது வயதுவரை தெரியாது. இப்போதும் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன்; ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகிறது. அவசரம் ஒன்றுமில்லை. காசநோய் கண்டு படுத்திருக்கிறவர்களுக்கும், அவர்களுக்குக் கஞ்சி கொடுக்கிறவர்களுக்கும் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சேர்த்தே படிக்கட்டும்.

நோயை நான் முதலில் கண்டது கோயிலில். மந்தைவெளியில் என் மகன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் சபை. புதிதாக வந்த ஐயர் (எங்கள் சபைகளில் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) புதன்கிழமை சாயங்காலத்தில் பெரியவர்களுக்கென்று ஞானோபதேச வகுப்பு ஒன்று வைத்தார். எங்களில் திடப்படுத்தல் பெறாதவர்கள் திருவிருந்துக்குப் போக முடியாது. பாடம் படித்து, கேள்விக்குப் பதில் ஒப்பித்து, அத்தியட்சர் (பிஷப்) வந்து தலையில் கை வைத்து ஜெபித்த பிறகுதான் அப்பமும் திராட்சரசமும் கிடைக்கும்.

பத்து வயதில் என்னை ஒரு பங்களாவில் எடுபிடி வேலைக்கு விட்டார்கள். எனக்குப் பாடம் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. பிறகு கல்யாணம், பிள்ளைகள். ஏழு பேருக்கும் வெள்ளை உடுப்புத் தைத்துத் திடப்படுத்தலுக்கு அனுப்பினேன். அவர்கள் எழுந்து திருவிருந்துக்குப் போகும்போது நான் கடைசிப் பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து நாற்பது வருஷம் அப்படி உட்கார்ந்தேன்.

வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். பாடம் சொல்லித்தந்த உபதேசியார் திருநெல்வேலிக்காரர், மெலிந்த மனிதர், சீக்கிரம் எரிச்சல் வரும். எனக்குப் பக்கத்தில் ரூத்து. லஸ் முனையில் ஆப்பம் சுட்டு விற்கிறவள்.

ஒரு புதன்கிழமை, பிறனுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்ன என்ற கேள்வியை உபதேசியார் என்னிடம் கேட்டார். அதற்குப் பதில் மிகவும் நீளம்.

“இன்னா பெரிம்மா, இம்மா நீளம் கீது?” என்று ரூத்து கிசுகிசுத்தாள். “ரெண்டே வார்த்தைல சொன்னா கர்த்தரு கோச்சிக்குவாரா?”

“சிரிக்கவா வந்திய எல்லாரும்? வாயைப் பொத்துங்கம்மா” என்றார் உபதேசியார்.

நான் எழுந்து ஒப்பிக்கத் தொடங்கினேன். பாதியில் இருமல் வந்தது. வாயில் உப்புக் கரித்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். குன்றிமணி அளவுக்கு ரத்தம். முந்தானையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மீதிப் பதிலையும் சொல்லி முடித்தேன். நடுவில் நிறுத்தினால் கிழவி மறந்துவிட்டாள் என்பார்கள்.

மூன்று வாரம் ஒருவரிடமும் சொல்லவில்லை. அது தப்பு. இதைப் படிக்கிறவர்களுக்கு இருமலில் ரத்தம் கண்டால் அன்றைக்கே போங்கள்.

கடைசியில் மருமகள் கிரேஸ் முந்தானையைத் துவைக்கும்போது பார்த்துவிட்டாள். மறுநாளே என்னை டிராமில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மயிலாப்பூர் பக்கத்து லேடி டாக்டர் அம்மாள், நெற்றியில் சின்னக் குங்குமம். என் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். கோழையைக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்பினார். எக்ஸ்ரே (மார்புக்குள் இருப்பதைப் படம் பிடிப்பது) எடுத்தார்கள்.

“ஆத்துல யார் யார் இருக்கா?”

“புள்ள, மருமவ, பேத்தி ஒண்ணு.”

“இது டி.பி. அம்மா, காசம். எல்லாரும் ஒரே தம்ளர்ல குடிப்பேளா?”

“குடிப்போம்.”

“இனிமே கூடாது. இத்தனை நாள் ஏன் வரலை?”

“வந்தா வகுப்பு போயிடும்னுதான்.”

“வகுப்பா? இந்த வயசுலயா?”

“ஆமா. பரீட்சையும் கீது.”

அவர் சிரிக்கவில்லை. “பரீட்சைக்கு நான் உங்களை அனுப்பி வெக்கறேன். ஆனா நான் சொல்றபடி படுத்துண்டு இருக்கணும்” என்றார். எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று.

நகரத்துக்கு வெளியே காசநோய்க்காரர்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் கிடந்தேன். யுத்த காலம், மருந்து அரிது. எனக்குச் செய்தது நியூமோதொராக்ஸ் (விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி குத்தி, நுரையீரலைச் சுற்றிக் காற்றை ஏற்றி, கெட்ட நுரையீரலைச் சுருக்கி அதற்கு ஓய்வு கொடுப்பது). நோயாளிகள் நாங்கள் அதைக் ‘காத்து போடறது’ என்போம். ஊசி உள்ளே போகும்போது துணி கிழிகிற மாதிரி ஒன்று தெரியும். தோள்பட்டை இழுக்கும். அப்போது இருமக் கூடாது. பயந்தால் எதையாவது மனப்பாடம் சொல்லுங்கள். நான் ஞானோபதேச வினாவிடையைச் சொன்னேன். எட்டு மாதத்தில் அது முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது.

கோழைக் கிண்ணத்தை மூடி வையுங்கள். அதற்காக வெட்கப்படாதீர்கள்.

நான்காவது மாதம் உபதேசியார் பார்க்க வந்தார். வார்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். மூக்கில் கைக்குட்டை.

“சாராம்மா, ஒரு காரியம் கேக்கணும்.”

“கேளுங்க ஐயா.”

“கர்த்தர் யாரையும் சும்மா அடிக்க மாட்டாரு. எதையாச்சும் மறச்சு வச்சிருக்கியளான்னு யோசிச்சுப் பாருங்க. அறிக்கை பண்ணினா சொகம் வரும்.”

“மறைச்சது ஒண்ணு கீது ஐயா.”

அவர் ஒரு அடி உள்ளே வைத்தார். “என்னது?”

“ரத்தம் துப்பினத மூணு வாரம் மறைச்சேன். உங்க வகுப்புக்கு வரணும்னு.”

கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் பேசியதைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. கைக்குழந்தையைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு வந்தவள். எங்கள் மதம்கூட இல்லை. அன்று சாயங்காலம் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்: “அப்போ நான் இன்னா பாவம் பண்ணேம்மா?”

“அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது, நீ கஞ்சியக் குடி” என்றேன். அவள் குடிக்கவில்லை. அடுத்த மாதம் அந்தக் கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டார்கள்.

என் கோபம் அன்றைக்குப் பிடித்தது. தொற்றுக்குப் பயப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். நானே என் பேத்தியைக் கிட்டச் சேர்க்காமல் வைத்தவள். தனக்குள்ள பயத்தை எடுத்து, படுத்துக் கிடக்கிறவளின் பாவம் என்று அவள் தலையில் வைக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஞானம் சொல்லித்தர வந்தவர் அதைச் செய்யலாமா?

வீட்டுக்குத் திரும்பினேன். டாக்டர் அம்மாள் மூன்று தடவை கோழையைப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். “கிருமி இல்லை. காத்து போட மட்டும் ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் வாங்கோ. மத்தபடி எங்க வேணா போலாம், யாரோட வேணா ஒக்காரலாம்.”

நான் போன இடம் புதன்கிழமை வகுப்பு. நான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து நான்கு பேர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். ரூத்து மட்டும் நகரவில்லை. “எனக்கு எடம் தாராளமாப் பூட்ச்சி பெரிம்மா” என்று கால் நீட்டி உட்கார்ந்தாள்.

ஐயரே என்னைக் கேள்வி கேட்டார். ஒரு பதிலும் தப்பவில்லை. அத்தியட்சர் வந்தார், என் தலையில் கை வைத்தார். கனமான கை, சூடாக இருந்தது. என் நோயை அவரிடம் யாராவது சொல்லியிருந்தார்களா, எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு எனக்கு முதல் திருவிருந்து. எங்கள் வழக்கத்தில் ஒரே வெள்ளிப் பாத்திரம். எல்லாரும் வரிசையாக மண்டியிட, ஐயர் அதை ஒவ்வொருவர் வாய்க்கும் கொண்டுவருவார். சனிக்கிழமை உபதேசியார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“சபைக் கமிட்டில பேசியாச்சு சாராம்மா. நீங்க கடைசியா வந்துருங்க. எல்லாரும் குடிச்ச பொறவு.”

டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் அந்தக் காகிதத்தையும் தொடவில்லை.

“போம்மா, கடைசின்னா இன்னா? கெடைக்குதே, அதப் பாரு” என்றான் என் மகன். கிரேஸ் உபதேசியார் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கமிட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் படித்த ஆண்கள். அவர்களில் ஒருவருக்கும் ஞாபகம் வராத ஒன்று எனக்கு வந்தது. ஜெபித்த ரசம் பாத்திரத்தில் மிஞ்சினால் அதைக் கீழே கொட்டக் கூடாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது. ஐயரும், அவர் கூப்பிடுகிறவர்களும் பீடத்தண்டையிலேயே குடித்துத் தீர்க்க வேண்டும். ஆராதனைப் புத்தகத்தில் இருக்கிற ஒழுங்கு அது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் அந்த உபதேசியார்தான். நான் கடைசியாகக் குடித்தால், எனக்குப் பிறகு குடிக்கிறவர் யார்?

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போய்வந்த பிறகு நான் தனியாக நடந்து போனேன். சபை முழுக்க என் முதுகைப் பார்த்தது. மண்டியிட்டேன். அப்பம் கிடைத்தது. பாத்திரம் வந்தது, உதட்டை நனைத்தேன். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஆசீர்வாதம் முடிந்தது. ஐயர் பாத்திரத்தைப் பார்த்தார். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை அன்று தாராளமாக ஊற்றியிருந்தார். பாதிக்கு மேல் மிச்சம். அப்படி மிஞ்சினால் ஐயர் இரண்டு பேரைக் கூப்பிடுவது வழக்கம். கமிட்டி காரியதரிசிதான் எப்போதும் முதலில் எழுவார்.

“இரண்டு பேர் வாருங்கள்” என்றார் ஐயர்.

யாரும் எழவில்லை. காரியதரிசி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. ஐயர் வீட்டில் ஆறு மாதக் குழந்தை. அவர் பாத்திரத்தைத் தூக்கினார். வாய் வரைக்கும் போகவில்லை. நெஞ்சுக்கு நேரே நின்றுவிட்டது எனக்குக் கடைசிப் பெஞ்சிலிருந்தே தெரிந்தது.

நான் எழுந்து நடந்தேன். பீடத்துப் படியில் நின்றேன்.

“கூப்பிடுங்க ஐயரே. நீங்க கூப்பிட்டா வரலாம்னு புஸ்தகத்துல கீது.”

“சாராம்மா…”

“கூப்பிடுங்க.”

“வாங்கம்மா” என்றார்.

பாத்திரத்தை நானே இரண்டு கையாலும் வாங்கினேன். யுத்தத்தில் சீமை ரசம் வராததால் ஐயரம்மா உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சியது, இனிப்பாக இருந்தது. ஒரு பக்க நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறவளால் ஒரே மூச்சில் குடிக்க முடியாது. இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினேன். மொத்தச் சபையும் காத்திருந்தது. காத்திருக்கட்டும் என்று மெதுவாகவே குடித்தேன்.

காலிப் பாத்திரத்தை ஐயரிடம் கொடுத்தேன். அவர் தண்ணீர் ஊற்றி அதை அலசினார். அலசிய தண்ணீரையும் கொட்டக் கூடாது. அது அவர் பங்கு. கண்ணை மூடாமல், என்னைப் பார்த்தபடியே அதைக் குடித்தார்.

வெளியே வந்ததும் ரூத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாப்பது வருசத்துக்கும் சேத்து ஒரே நாள்ல குடிச்சிட்டியே பெரிம்மா!”

அதற்குப் பிறகு யாரும் என்னைக் கடைசியாக வரச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நான் நடுவில் மண்டியிடுகிறேன். ஒரு பக்கம் ரூத்து, மறுபக்கம் ஓர் ஆள் இடைவெளி. ஐயரும் அவர் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன்: “கோவத்தோட மண்டி போடலாமா ஐயரே?”

“இருக்கிறதோடதான் வரணும் சாராம்மா. நீங்க வந்தா போதும்” என்றார். அன்றைக்குப் பாத்திரம் அவர் வாய்க்குப் போகாத பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

இப்போது என் உடம்பு வேறு உடம்பு. வலது பக்கம் காற்று அடைத்த பை. இடது பக்கம்தான் என்னைத் தூக்கிச் சுமக்கிறது. படுத்தால் இடது பக்கம் கேட்கிற மூச்சுச் சத்தம் வலது பக்கம் கேட்பதில்லை. மாடிப்படி ஏறும்போது நாலு படிக்கு ஒருதரம் நிற்பேன். அந்த இடத்தில் வெயில் எங்கே விழுகிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். முன்பு அறுபது வருஷமும் ஓடித்தான் ஏறினேன், ஒன்றையும் பார்த்ததில்லை. மாதம், பண்டிகை என்று நாளை எண்ணுவதும் போயிற்று. ஊசிக்கு ஊசி இரண்டு வாரம், அதுதான் என் காலண்டர். இன்னும் ஒரு வருஷத்தில் காற்றை நிறுத்திவிட்டு நுரையீரலைத் திரும்ப விரிய விடுவாராம் டாக்டர் அம்மாள். விரியும் என்கிறார். விரியட்டும், பார்க்கலாம்.

எஸ்தர், இங்கே வா. உன் பாட்டி என்கிற மரியாதைக்காக எதையும் நல்லதாக மாற்றிப் படிக்காதே. எழுத்துத் தப்பு இருந்தால் திருத்து. கோபம் இருக்கிற இடத்தில் கை வைக்காதே. பக்கத்தில் உட்கார். ம், முதலிலிருந்து சத்தமாகப் படி.