நாய் இல்லாத சனிக்கிழமை

எண்பதுகளின் கடைசியில் கிழக்கு லண்டனில், டின்களுக்கு லேபல் ஒட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். இயந்திரப் பட்டியில் ஓடிவரும் டின்களில் கோணலாக ஒட்டியதைக் கண்டுபிடித்து வெளியே எடுத்து வைப்பதுதான் வேலை. எங்களை மேற்பார்த்த போர்மன் ஒரு ஆங்கிலேயர். குளிர் தொடங்கினால் சனிக்கிழமைகளில் எசெக்ஸ் பக்கச் சதுப்பு நிலத்துக்குப் போய்க் காட்டு வாத்து, எங்கள் பேச்சில் தாரா, சுடுவார். அந்த வருடம் அவருடைய நாய் செத்துப்போனது. அடுத்த வாரமே சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து, சனிக்கிழமை தன்னோடு வருகிறாயா என்று கேட்டார்.

நான் எதையும் இரண்டு தரம் யோசிக்கிறவன். பஸ்ஸில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் பர்ஸைத் தொட்டுப் பார்ப்பேன். அத்தனை பேர் இருக்கும் இடத்தில் இவர் என்னை ஏன் கேட்க வேண்டும்? கேட்டதற்கு, உனக்குக் கூர்மையான கண் என்றார். சோழியன் குடுமி சும்மா ஆடாது. சுடப்பட்ட பறவையைத் தேடி எடுத்து வருவது நாயின் வேலை என்பதை அன்றே கூட வேலை செய்த ஒருவரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நானும் மனைவியும் இருந்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவள் அரிசி கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

“நாய் செத்த இடத்துக்கு ஆள் பிடிக்கிறான். போகாதேங்கோ” என்றாள்.

அதோடு விடவில்லை. அது புரட்டாசி மாதத்துக் கடைசிச் சனி. எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போகிற நாள். சனீஸ்வரனுடைய வாகனமே காகம், அந்த நாளிலா பறவை சுடப் போகிறீர்கள் என்று கேட்டாள். சுடப் போவது நான் இல்லை என்றேன். அப்படியென்றால் கவ்விக்கொண்டு வரத்தான் போகிறீர்கள் என்றாள். ஆனால் யாரை வேலையில் வைத்திருப்பது, யாரை நிறுத்துவது என்பது போர்மனின் கையில் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

விடிவதற்கு முன் போர்மன் தன் வான் வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டார். உள்ளே நாய் வாடை அடித்தது. குளிருக்குப் போர்த்திக்கொள் என்று ஒரு கம்பளியைத் தந்தார். அதில் நாயின் மயிர் ஒட்டியிருந்தது. என் சந்தேகம் உறுதியானது. சதுப்பு நிலத்தில் இறங்கியதும் தன்னுடைய பழைய ரப்பர் சப்பாத்தைக் கொடுத்தார். அதற்குள் என் கால் இரண்டும் நீந்தின. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்வார்கள். நான் அளவும் தெரியாமல் விட்டிருந்தேன்.

நாணலுக்குள் பதுங்கியிருந்தோம். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றார். பறவை விழும் இடத்துக்கு நேரே ஒரு கட்டையையோ செடியையோ அடையாளம் பிடித்து, அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. செத்த பறவை ஈரத் துணி போலத் தொப்பென்று விழும். காயம்பட்டது சரிந்து, கொஞ்சம் பறந்து, தொலைவில் இறங்கும். அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

வெளிச்சம் வந்தபோது தாராக்கள் வந்தன. அவர் சுட்டார். ஒரு தாரா சிறகு சரிந்து, வாய்க்காலுக்கு அப்பால் நாணலுக்குள் இறங்கியது. அதற்கு நேரே உடைந்த வேலிக்கட்டை ஒன்று நின்றது. நான் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மறுபடி தோட்டாவைப் போட்டுக்கொண்டு, நீ முன்னால் நட, நான் பின்னால் வருகிறேன் என்றார்.

நான் நடக்கவில்லை.

சண்டை நடந்த எங்கள் ஊரில் துவக்கு வைத்திருப்பவன் முன்னால் நட என்று சொன்னால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. என் அண்ணனிடம் சந்தியில் வைத்து அப்படித்தான் சொன்னார்கள். எவருடைய துவக்கு என்பதை இன்றுவரை எங்கள் வீட்டில் சத்தமாகப் பேசுவதில்லை. அண்ணன் காயத்தோடு பனை மரங்கள் அடர்ந்த பனங்கூடலுக்குள் ஓடி விழுந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். போய்ப் பார்க்கத்தான் ஒருவரையும் விடவில்லை.

அவருக்கு இதெல்லாம் தெரியாது. குளிரில் விறைத்துவிட்டேன் என்று நினைத்தார். நீங்கள் முன்னால் போங்கள் என்றேன். விழுந்த இடம் உனக்குத்தானே தெரியும் என்றார். அது நியாயமான பேச்சு. நியாயமான பேச்சு பேசுகிறவனிடம்தான் எனக்குக் கூடுதல் பயம். சுற்றிலும் பார்த்தேன். சேறு, நாணல், சாம்பல் வானம். இங்கே ஒருவன் விழுந்தால் யாருக்கும் தெரியவராது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். ஆனால் இந்தப் பேயின் கையில் துவக்கு இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கண் துவக்கில் நிற்பதைப் பார்த்தார். துவக்கை நடுவில் மடித்துத் திறந்து, இரண்டு தோட்டாக்களையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அப்போதும் என் கண் அவருடைய இடுப்புப் பட்டிக்குப் போனது. அதில் வரிசையாகத் தோட்டாக்கள் இருந்தன. அவர் பட்டியையும் கழற்றி என் தோளில் போட்டார்.

நான் முன்னால் நடந்தேன். ஆனாலும் நான்கு அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். சட்டைப் பையில் ஒன்றை ஒளித்து வைத்திருக்க மாட்டார் என்பதற்கு என்ன நிச்சயம்?

கட்டைக்குப் பக்கத்தில் தாரா இல்லை. சேற்றில் ஒரு இறகும் கால் பதிந்த தடமும் மட்டும் இருந்தன. தேடத் தொடங்கினோம். தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாகத் தாராக்கள் போயின. அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கடல்நீர் பெருகி வாய்க்கால் நிறையத் தொடங்கியது. இதற்குள் எனக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. ஒரு தாராவுக்காக எவனாவது இவ்வளவு பாடுபடுவானா? விடுங்கள், நரி தின்னட்டும் என்றேன்.

அவர் சேற்றில் முழங்கால் குத்தி, நாணலை விலக்கிக்கொண்டே சொன்னார். தகப்பன் பழக்கிய பழக்கமாம். காயப்பட்டது கிடைக்கும்வரை அடுத்ததைச் சுட விடமாட்டாராம்.

“அடித்தவன் நான். தேட வேண்டியவனும் நான்தான்” என்றார்.

அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. தேடினேன்.

கரையோரம் தண்ணீருக்குள் தொங்கிய புல்லில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. கோணல் லேபலைப் பிடிக்கும் கண் அதைப் பிடித்தது. தாரா உடம்பை முழுவதும் தண்ணீருக்குள் அமுக்கி, கழுத்தை நீட்டி, அலகை மட்டும் வெளியே வைத்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே அசையாமல் கிடந்தது. ஒளிந்திருப்பவனை எனக்குத் தெரியும். நான் கையைக் காட்டினேன். அவர் அதை எடுத்து, என் பக்கம் முதுகைத் திருப்பி, ஒரு கணத்தில் முடித்தார். அது இனி இரவு முழுக்கக் கிடந்து சாகவேண்டியதில்லை என்றார்.

வண்டிக்குத் திரும்பியபோதுதான் கவனித்தேன். வழி முழுக்க அவர் எனக்குப் பின்னால் வந்திருந்தார். தோட்டாப் பட்டி இன்னும் என் தோளில் கிடந்தது.

தாராவை எனக்கே தந்தார். வாங்க மறுக்கவும் யோசனையாக இருந்தது, வாங்கவும் யோசனையாக இருந்தது. பிளாஸ்டிக் பையில் கொண்டு வந்தேன்.

மனைவி கோயிலுக்குப் போய் வந்து நெற்றியில் திருநீற்றோடு கதவைத் திறந்தாள். பையைப் பார்த்தாள், சேற்றைப் பார்த்தாள், மூக்கைப் பொத்தினாள்.

“நாயின்ரை வேலை பாத்திட்டுத்தானே வாறியள்?” என்றாள்.

“ஓம்” என்றேன். “அண்ணனுக்கு அந்த வேலை பாக்க ஒருத்தரும் போகேல்லை.”

அவள் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். என் கால்களைக் குனிந்து பார்த்தாள். பெரிய சப்பாத்து உரசி இரண்டு குதிக்காலும் தோல் கழன்றிருந்தன. பையை வாங்கி, சனிக்கிழமை இறைச்சி வீட்டுக்குள் வரக் கூடாதென்று, ஜன்னலுக்கு வெளியே ஆணியில் கொழுவினாள். சுடுதண்ணீர் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

“அடுத்த சனி புரட்டாசி இல்லைத்தானே. போறதெண்டால் ரெண்டு சோடி சொக்ஸ் போட்டுக்கொண்டு போங்கோ” என்றாள்.