செல்லப்பாண்டி மறுபடி மாட்டிய பெட்டி

மோட்டார் மெக்கானிக் செல்லப்பாண்டி மாமா போய்விட்டார். காலையில் அவர் ஊர் சிலமலையிலிருந்து போன்...

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் செய்கிறாள்.

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தேன். பச்சைக் காயை உலர்த்தும் இடம். அடுப்பை மூட்டி ஃபேனைப் போட்டால் காய் காயும்வரை நிறுத்தக் கூடாது. நின்றால் பச்சை போய் வெளுத்துவிடும்.

ஃபேன் மோட்டார் பக்கத்தில், சுவரில் ஒரு தகரப் பெட்டி. சுற்றாது, எரியாது. சும்மா கரண்டைத் தின்கிறது என்று நினைத்து, சீசனுக்கு முன் வெள்ளையடித்தபோது கழற்றி விறகுக் கொட்டகையில் போட்டுவிட்டேன்.

முதல் லோடு ஏற்றிய அன்றே, கீழே மீட்டர் போர்டில் ட்ரிப் ஆகி ஃபேன் நின்றது. போட்டால் மறுபடி ட்ரிப். வயரைத் தொட முடியாத சூடு...

"காய் மட்டும் வெளுத்துச்சு, இன்னிக்கே நீ ஜீப்பேறிரு" என்றார் முதலாளி.

மாமா மழையில் நனைந்தபடி வந்தார். சுவரில் நாலு ஆணி ஓட்டை. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கெப்பாசிட்டர் எங்கடா மாப்ளே? வெரசா கொண்டா."

மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"கங்காணி காய் எடுக்க மாட்டான். ஆனா அவன் இல்லாம எவனும் சோலியத் தொடங்க மாட்டான். மோட்டாருக்கும் அப்படி ஒரு கரண்டு வேணும். இந்தப் பெட்டி கங்காணிய மேலயே தங்க வச்சுக்கிரும். நீ பெட்டியக் கழட்டி, அவனத் தெனமும் ஜீப்புல ஏத்தி எறக்குற. வயருதான் ஜீப்பு. ரெண்டு ஆளு எடத்த அடைக்கிறான்... வயரு சுடாம என்ன செய்யும்? இதத்தான் பவர் ஃபேக்டர்ங்கிறான்."

ஃபேன் ஓடியது. காய் தப்பித்தது.

"என்னப்பா கோளாறு?" என்றார் முதலாளி.

"கெப்பாசிட்டர் லைன்ல இல்ல முதலாளி. சேத்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. "இதுக்கும் ஒரு பெட்டி மாட்டிருவோமா மாமா?" என்றேன்.

"மோட்டாரு கரண்ட சீராக் குடிக்கும், கொஞ்சம் பிந்திக் குடிக்கும். இது விட்டுவிட்டு மடக்கு மடக்குனு முழுங்குது. சொவத்துல பெட்டி மாட்டி ஆகாது, அதச் சரிபண்ற சர்க்யூட்டு இதோட பவர் சப்ளைக்குள்ளயே செஞ்சு வரணும். நீ ஸ்க்ரூ டிரைவரத் தொடாம இரு, அது போதும்!"

பார்க்கும்போதெல்லாம் கேலி. ஆனால் அதை வேறொருவர் காதுக்கு விடவில்லை... கடைசிவரை.

முதலாளி, நீங்களும் இதைப் பார்ப்பீர்கள். அன்றைக்குப் பெட்டியைக் கழற்றியது நான்தான்.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். கிளம்பிவிட்டேன் மாமா.