ரவாங் மேட்டில் நின்ற லோரி

பக்கிரிசாமி பிரிக்பீல்ட்ஸ்காரர். சண்டைக்கு முன் ஒரு பலசரக்குக் கடைக்கு லோரி ஓட்டினார். ஜப்பான்காரன் வந்ததும் லோரியோடு சேர்த்து அவரையும் பிடித்துக்கொண்டான். கிள்ளானில் அரிசி ஏற்றி ரவாங் முகாமில் இறக்குவது வேலை. பெட்ரோல் கிடையாது; பின்னால் பூட்டிய கரி அடுப்பின் புகையில்தான் வண்டி ஓடியது. மேடு கண்டால் திணறி நின்றுவிடும். பிரேக்கும் பிடிக்காது.

அப்போதெல்லாம் கெலிண்டானாக, லோரியில் உதவிக்கு வரும் கன்னையா குதித்தோடிப் பின்சக்கரத்துக்கு மரக்கட்டை வைப்பான். செந்தூலில் பெண்டாட்டியோடு இருந்தவன். பிரேக்கைச் சரிசெய்யச் சொல்லி முகாமில் கேட்டதற்குப் பக்கிரிசாமிக்குக் கன்னத்தில் அறைதான் கிடைத்தது.

1944இல் ஒரு மழைநாள். ரவாங் மேட்டில் இன்ஜின் அணைந்து லோரி பின்னால் நழுவியது. கன்னையா கட்டையை வைத்தான். சேற்றில் கட்டை வழுக்கியது, அவனும் வழுக்கினான். சக்கரம் அவன் இரண்டு கால்கள் மேலும் ஏறி நின்றது.

"அண்ணே! நவுத்தாதீங்கண்ணே!"

லோரியில் காவலுக்கு வந்த ஜப்பான் சிப்பாய் இறங்கிப் பார்த்தான். "லெக்காஸ்! ஜாலான்!" சீக்கிரம் ஓட்டு என்று கத்தினான்.

முடுக்கினால் வண்டி முதலில் பின்னால்தான் போகும், கன்னையாவின் நெஞ்சு மேல். மூட்டைகளை இறக்கித் தூக்கலாம் என்று பக்கிரிசாமி கையைக் காட்டிக் கெஞ்சினார். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் காதோடு சேர்த்து அடித்தான். பக்கிரிசாமி எழுந்தார். இன்ஜினை முடுக்கும் இரும்பு ஹேண்டலை உருவி, கீழே இருந்த சதுப்பில் வீசி எறிந்தார்.

அதன்பின் விழுந்த அடியில் அவருடைய வலதுகை விரல்கள் நொறுங்கின. சாலையோரம் நின்ற ரப்பர் தோட்டத்து ஆட்கள் கிட்டே வரவில்லை, வரவும் முடியாது.

பின்னால் இன்னொரு ராணுவ லோரி வந்தது. அது முன்னே போய் நின்று கயிறு கட்டியது. கயிறு இறுகும்வரை அவர்கள் பொறுக்கவில்லை. வெடுக்கென்று இழுத்தார்கள். கயிறு அறுந்தது. லோரி பின்னால் உருண்டது. கன்னையாவின் குரல் நின்றுபோனது. ஓரத்து மண்மேட்டில் மோதி நின்ற வண்டியை மறுபடி கட்டி இழுத்துப் போனார்கள். கன்னையா அங்கேயே கிடந்தான்.

ஹேண்டலை எறிந்ததற்காகச் சிறையில் போடப்பட்ட பக்கிரிசாமி வெளியே வரும்போது இடது காது கேட்கவில்லை, விரல்கள் மடங்கவில்லை. நேரே செந்தூலுக்குப் போனார். கன்னையாவின் மனைவி புஷ்பவல்லி வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மேட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"ஹேண்டல ஏண்ணே தூக்கிப் போட்டீங்க?"

"வண்டிய எடுத்திருந்தா அவன் மேல ஏறியிருக்கும்மா."

"அப்பவும் ஏறத்தானே செஞ்சுச்சு. நீங்க ஓட்டியிருந்தா காலு மட்டும் போயிருக்கும். காலில்லாதவர வச்சிக் கஞ்சி ஊத்தியிருப்பேன்லா."

அப்படி இல்லை என்று விளக்க அவர் வாயெடுத்தார். அவள் கேட்கவில்லை.

"போங்கண்ணே. இனிமே இங்க வராதீங்க."

சண்டை முடிந்ததும் பழைய கடைக்காரர் கூப்பிட்டனுப்பினார். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்த பக்கிரிசாமிக்கு வலதுகைப் பிடி நிற்கவில்லை. கடை மூட்டைகளைக் காவல் காக்கும் வேலை கொடுத்தார்கள். ஏற்றுக்கொண்டார்.