மறைப்புக்குப் பின்னால் போட்ட மேசை

பிரான்ஸ் நாட்டில் ஒருமுறை என் மனைவியை என்னுடைய கள்ளக்காதலி என்று நினைத்தார்கள். இதைச் சொன்னால், லண்டனில் நாங்கள் இருக்கிற பிளேஸ்டோவில் இன்றைக்கும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அது பெருமை. ஏன் என்று சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கலியாணத்துக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்தது. ஹரோவில் மண்டபம் எடுத்து விழாச் செய்யலாம் என்றார்கள் உறவுக்காரர். மகள் விடவில்லை.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒரு நாளாவது தனிய எங்கையும் போயிருக்கிறியளோ?"

போனதில்லை. ஊரில் கடை வேலை. லண்டனுக்கு வந்தால் ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலை, ஷிப்ட். மகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். தானே தொலைபேசியில் கதைத்து, நோர்மண்டியில் ஒரு பழைய விடுதியில் எங்களுக்கு அறை பிடித்துவிட்டாள்.

அந்த விடுதியை ஒரே குடும்பம் நாலு தலைமுறையாக நடத்தி வந்தது. படிக்கட்டுச் சுவர் முழுக்க மீசைக்காரர்களின் படங்கள். மரப்படிகள் நடுவில் தேய்ந்து கிண்ணம் போலக் கிடந்தன. அவர்களுடைய பாணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தனையோ வருடம் பாண் போட்டவன் நான். ஆனாலும், விரலால் தட்டினால் கதவு தட்டுகிற சத்தம் கேட்கிற பாணை அங்கேதான் கண்டேன். சரி, அது கிடக்கட்டும்.

வாசல் மேசையில் வீட்டுக்காரக் கிழவி இருந்தார். எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கி விரித்தார். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? என் பெயருக்குப் பின்னால் என் தகப்பன் பெயர். மனைவி கலியாணத்துக்கு முன்னமே இந்தியா போவதற்கென்று கடவுச்சீட்டு எடுத்தவள், அதனால் அவளுக்குப் பின்னால் அவளுடைய தகப்பன் பெயர். அந்தப் பெயரே லண்டன்வரை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கையில் மோதிரமும் இல்லை. தாலிக்கொடி கம்பளிச் சட்டைக்குள்ளே கிடந்தது. கிழவி ஒரு கடவுச்சீட்டைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

மேல்மாடி மூலையில் அறை தந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் போனால், எங்களுக்கு மட்டும் ஒரு மறைப்பை விரித்து அதற்குப் பின்னால் மேசை போட்டிருந்தது. சமையல்காரரான மகன் சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கண்ணடித்தார். நான் கிழவியிடம் ஏன் இந்த மறைப்பு என்று கேட்டேன். அவர் உதட்டில் விரலை வைத்து, தெரிந்த ஆங்கிலத்தில், "பயப்படாதேங்கோ முசியே, இந்த வீட்டில் ஒருத்தரும் ஒன்றையும் பார்க்கிறதில்லை" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் மனைவிக்கும் சொல்லிவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னையோ? அப்பிடியோ நினைக்கினம்?"

"கோவிக்காதை. உன்னைக் கூட்டிக்கொண்டு ஓடலாம் எண்டு இந்த வயசிலயும் ஒரு சனம் நினைக்குதெண்டா..."

"ஓடுறதெண்டா நான் இன்னும் கொஞ்சம் நல்ல ஆளாப் பாத்திருப்பனே!"

அதற்குமேல் அவள் சாப்பிடவில்லை. இந்தப் பெயரோடு இந்த வீட்டில் இருக்க ஏலாது, காலமை ரயிலுக்குப் போவம் என்றாள். நான் கிழவியிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"நீங்கள் சொன்னா ஆர் நம்புறது? கள்ளன்தான் முதல் சத்தியம் பண்ணுவான்."

விடிந்ததும் வீதியோரத் தொலைபேசிப் பெட்டிக்குப் போய் மகளை எடுத்தோம். மனைவி ரிசீவரைப் பறித்தாள்.

"பிள்ளை, இவர் என்ர புருசன் எண்டு அவையின்ர பாசையில எப்பிடிச் சொல்லுறது?"

நான் காதைக் கிட்டக் கொண்டுபோனேன். மகள் சொன்னது எனக்கும் கேட்டது. "மோன் மறி எண்டு சொல்லுங்கோ அம்மா."

எங்கள் ஊரில் மறி என்றால் பெட்டை ஆடு.

"மறியோ? ஆம்பிளையையோ?"

"ஓம் அம்மா, புருசனுக்கு அதுதான் சொல்."

"இவ்வளவு காலமும் கிடாய் எண்டல்லோ நினைச்சனான்" என்று சொல்லி ரிசீவரை வைத்தாள்.

அறைக்குப் போய்ச் சீலை உடுத்தாள். தாலிக்கொடியை எடுத்து வெளியே விட்டாள். லண்டனில் பஸ் டிக்கெட் கேட்பதற்கும் என்னைப் பார்க்கிறவள், என்னை விட்டுவிட்டு முன்னால் இறங்கிப் போனாள். வாசல் மேசைக்கு முன்னால் நின்று, பின்னால் வந்த என் பக்கம் கையை நீட்டி, அந்த வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"மோன் மறி!"

பிறகு கொடியைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு கையையும் விரித்துப் பத்து, இன்னொரு பத்து, பிறகு ஐந்து என்று காட்டினாள்.

கிழவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். மகனும் மருமகளும் மாக் கையோடு ஓடி வந்தார்கள். கிழவி மேசையைச் சுற்றி வந்து மனைவியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுக் கொஞ்சினார். மருமகளும் கொஞ்சினார். அடுத்ததாகச் சமையல்காரர் குனிந்தார்.

"இஞ்சாருங்கோ, இவரும் வாறார்!" என்று என் பின்னால் ஒளிந்தாள்.

அன்று காலை எங்களுக்கு வீதியைப் பார்த்த ஜன்னல் மேசை. மறைப்பை மடித்துச் சுவரோடு சாத்திவிட்டார்கள். மனைவி முதல்நாள் சாப்பிடாததையும் சேர்த்துச் சாப்பிட்டாள். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று நின்று அவளுடைய சீலையையும் கொடியையும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"குளிருது, சால்வையை மூடு" என்றேன்.

"ஏன் மூட வேணும்? பாக்கட்டும்."

நானும் என் கதிரையை வீதிப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து இருந்தேன்.