மந்திரி கையால் விட வேண்டிய ஆமை

போன வாரம் ஒரு கல்லூரி விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புதுத்துணியின் மொடமொடப்பும் கஞ்சி வாசனையும் கழுத்தில் பட்டதும் உடம்பு கூசிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் அடக்கம் என்று நினைத்திருப்பார். அடக்கமாவது, மண்ணாவது! எனக்கு அதிராம்பட்டினத்து ஆமை ஞாபகம் வந்துவிட்டது.

திருக்காட்டுப்பள்ளி வாய்க்கால் கெண்டையைத் தவிர வேறு மீன் அறியாத நான், எப்படியோ மீன்வளம் படித்து, அதிராம்பட்டினத்தில் ஒரு கடலோர ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சிக்குப் போயிருந்தேன். கடலாமைத் துடுப்பில் அடையாளப் பட்டை கட்டித் திரும்ப விடுவது வேலை. மீனவர் குப்பம் குப்பமாகப் போய், "ஆமை சிக்குனா அங்கயே விட்டுராதீங்க, எங்ககிட்ட கொண்டாங்க" என்று கெஞ்சுவேன். சிரிப்பார்கள். காளிமுத்து அண்ணன் மட்டும், நல்ல வலையை அறுத்து, ஒரு பேராமையைப் படகில் கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டை கட்டியாயிற்று, விட வேண்டியதுதான் பாக்கி. எங்கள் அதிகாரி, "கொஞ்சம் பொறுப்பா, பயிற்சி நிறைவு விழாவுக்கு மந்திரி வர்றாரு. அவர் கையாலயே விட்டுருவோம்" என்றார். ஆமை சிமெண்டுத் தொட்டிக்குப் போனது. மந்திரி தேதியைத் தள்ளிப்போட்டார், மறுபடியும் தள்ளினார். நான் வாளி வாளியாகக் கடல்தண்ணீர் ஊற்றினேன். அது எதையும் தின்னவில்லை. "சார், இது தாங்காது" என்று சொல்லத்தான் செய்தேன், அவர் காதில் விழாத அளவுக்கு. சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவரல்லவா!

விழா நாள் காலையில் செத்துக் கிடந்தது. வெளியே கொடிகள், ஒலிபெருக்கி, கரைவேட்டிக் கூட்டம். "கடல் கொந்தளிப்பா இருக்கு, அப்புறம் விடுவோம்னு சொல்லிருங்க" என்றார் அதிகாரி. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. மந்திரி எனக்குச் சான்றிதழ் கொடுத்தார். ஆமையைக் காப்பாற்றியதற்காகக் காளிமுத்து அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அண்ணன் வெட்கச் சிரிப்போடு மேடையை விட்டு இறங்கி, "ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன் தம்பி" என்று தொட்டிப் பக்கம் நடந்தார். என்ன சொல்லித் தடுப்பது? கூடவே போனேன்.

தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். "நீங்க கேட்டீங்களேன்னுதான் தம்பி கொண்டாந்தேன்" என்றார். தோளில் கிடந்த பொன்னாடையை உருவி, செத்தவர்களுக்குக் கோடி போடுவதுபோல் அதன் மேல் விரித்துவிட்டுப் போய்விட்டார். ஐயோ, அந்தச் சான்றிதழை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அந்த மந்திரியும் போனார், ஆட்சியும் மாறியது. நிலையம் இருந்த இடத்தில் இப்போது இறால் கம்பெனி. நிலையத்தை மூடும்வரை அதன் வாசலுக்கு ஒருவர்கூட ஆமை கொண்டுவரவில்லையாம்.